சூடேறிய சாக்கு

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் (ஸ்டோர் என்போம்) பொறுப்பாக இருந்த டீமேக்கருக்கு நான் உதவியாளனாக இருந்தேன். அங்கே மேல்மாடியில் கொழுந்தை வாடப் பரப்புகிறவர் ஒருவர். ஒல்லியான ஆள், முழங்கை வரை பச்சைக் கறை. மலையிலிருந்து சாக்குகள் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றிலும் கையை அடிவரை விட்டுப் பார்ப்பார். அமுக்கிக் கட்டிய கொழுந்து உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும். சூடு தட்டிய சாக்கை முதலில் அவிழ்த்துக் கொட்டி, மெல்லப் பரப்பி ஆறவிடுவார்.

ஒருநாள் அவர் காலடியிலேயே ஒரு சாக்குக் கொழுந்து சிவந்து வீணாகிக் கிடந்தது. தோட்ட நிர்வாகியான துரை என்னை ஏசினார். நான் விறுவிறுவென்று படியேறிப் போய், வாங்கிய ஏச்சையெல்லாம் இவர் தலையில் கொட்டினேன்.

"அறிவு எங்கய்யா போச்சு உனக்கு?"

"பிரஜாவுரிமை மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்கய்யா. இது ரெண்டாந் தடவை. அப்பன் இங்கதான் பொறந்தாருன்னு கடுதாசி காட்டணுமாம். தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்த புள்ளைக்கு அப்ப யாருங்க பதிஞ்சு வச்சா? விடிஞ்சதுல இருந்து மண்டைக்குள்ள அதேதான் ஓடுது. நேத்து புள்ளைகளைப் போட்டு அடிச்சுட்டேன்."

"அதுக்காக? சாக்குல கைய விட்டுப் பாக்கக் கூடாதா?"

அவர் தன் பச்சைக் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாக்குக்குக் கைய விட நான் இருக்கேங்க. எனக்கு யாருங்க இருக்கா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. லொறி வந்துவிட்டது என்று சொல்லிக் கீழே இறங்கினேன்.

வாசலில் லொறி எதுவும் இல்லை.