கோட்டுக்கு வெளியே ஓடியவள்

தேர்வு விதிகள், ஒன்பதாம் விதி, உட்பிரிவு (ஆ): "தேர்வுப் பட்டியலில் இடம்பெறாத ஆட்டக்காரர் எழுத்து மூலம் முறையிட்டால், பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அளிக்கப்பட வேண்டும்."

இந்த விதியை எழுதியது ஒரு கால்பந்து அமைப்பு. பெயரை விட்டுவிடுகிறேன். விதிப் புத்தகத்தைத் தாங்களே திறந்து பார்க்காத அமைப்புகள் நாட்டில் நிறைய உண்டு. எந்த ஊர்ப் பெயரை வைத்துப் படித்தாலும் பொருந்தும்.

முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். பந்தலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஊரில் பெண்கள் கால்பந்து அணி ஒன்று இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற மறுமாதமே என்னை அதற்குச் செயலாளராக்கினார்கள். எனக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். தீர்மானப் புத்தகம் எழுதத் தெரியுமல்லவா, அது போதும் என்றார்கள்.

சென்ற வருடம் அந்த அமைப்பு எல்லா அணிகளுக்கும் ஒரு மென்பொருளைக் கொடுத்தது. மூங்கில் கம்பின் உச்சியில் போனைக் கட்டி ஆட்டத்தைப் படம் பிடித்து ஏற்றிவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவு அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் அறிக்கை தரும். யார் எங்கே நின்றார், எவ்வளவு ஓடினார், எந்த இடத்தில் பந்து பறிபோனது எல்லாம் அதில் இருக்கும். ஊரில் ஒழுங்காக இணையம் வருவது என் வீட்டில் மட்டும்தான் என்பதால் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. தொடக்கத்தில் அது சில கேள்விகள் கேட்டது. எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டுப் பழக்கமில்லாதவள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அதில் ஒரு கேள்வி: மைதானக் கோட்டுக்கு வெளியே ஓடுவதைக் கணக்கில் சேர்க்கலாமா? கோட்டுக்கு வெளியே ஆட்டம் ஏது என்று நினைத்து, "வேண்டாம்" என்று குறித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் மற்றவர்களைத் திட்டப்போகிறேன்.

எங்கள் கோச் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பகலில் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து எடை போடுகிறவர். முதல் அறிக்கை வந்த அன்று என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தார். டீ ஆறிவிட்டது. ஐந்து வருடமாக நாங்கள் வாங்கிய கோல்களில் முக்கால்வாசி ஒரே வழியாக, இரண்டு தடுப்பாட்டக்காரிகளுக்கு நடுவில் அவரே விட்டுவைத்த இடைவெளி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்க மேடம், இத்தன வருசமா கோல்கீப்பரத் திட்டீட்டு இருந்தனுங்களே," என்றார்.

"மன்னிப்புக் கேட்டுருங்க. தீர்மானப் புத்தகத்துல ஏத்திக்கலாம்."

"அத எதுக்குங்க எழுதிக்கிட்டு," என்று எழுந்துவிட்டார். ஆனால் அன்று மாலையே அந்த இடைவெளியை அடைத்தார். அடுத்த மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றோம். எனக்கும் அந்தக் கருவியின் மேல் ஒரு மரியாதை வந்தது. பனிமூட்டம் இறங்கிய ஒரு ஆட்டத்தைப் பற்றி அது, "இந்தப் பகுதியில் எதுவும் தெரியவில்லை, கருத்துச் சொல்ல இயலாது" என்று எழுதியிருந்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட அதிகாரியை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

இனி எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைச்சரிவை வெட்டிச் செய்தது. மேல் பக்கம் ரோடு, கீழ்ப் பக்கம் கோட்டை ஒட்டித் தேயிலை. பந்து கீழ்க்கோட்டைத் தாண்டினால் உருண்டு செடிகளுக்குள் போய்விடும். செடிகளை மிதிக்கக் கூடாது, தோட்டத்தின் அந்த டிவிஷனைச் சேர்ந்த ஆள் மட்டும்தான் உள்ளே இறங்கலாம் என்ற நிபந்தனையில்தான் எஸ்டேட் நிர்வாகம் மைதானத்தையே விட்டுக் கொடுத்திருந்தது. எங்கள் பதினொரு பேரில் அந்த டிவிஷன் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவள் ஒருத்தி, இடது ஓரத்தில் ஆடுகிறவள். அவள் அம்மா கொழுந்து பறிக்கிற நிரை அதுதான். எந்தச் சந்தில் நுழைந்தால் செடி ஒடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் யார் உதைத்த பந்தாக இருந்தாலும் அவள்தான் இறங்கி எடுத்து வருவாள். இருந்த இரண்டு பந்தில் இன்னொன்றை வைத்து மற்ற பத்துப் பேரும் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவள் ஏறி வருவதற்குள் சில நாள் அந்தப் பந்தும் கீழே போயிருக்கும். எதிரணிகளுக்கும் இது பழகிப்போனதுதான்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. கூடலூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க அவளுக்கு மாநிலப் போட்டிச் சான்றிதழ் ஒன்று வேண்டும். மாவட்ட அணியில் இடம் கிடைத்தால்தான் மாநிலப் போட்டி. வயது வரம்புப்படி அவளுக்கு அது கடைசி வருடம்.

அமைப்பின் தேர்வுக் குழு எல்லா அணிகளின் அறிக்கைகளையும் வாங்கிக்கொண்டது. உள்ளே இருந்ததைப் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு மதிப்பெண் இருக்கும். அதை மட்டும் வரிசைப்படுத்தி மாவட்ட அணித் தேர்வு முகாமுக்கு ஆள் அழைத்தார்கள். எங்கள் அணியில் நான்கு பேருக்கு அழைப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் பெயருக்கு எதிரே, ஆட்ட நேரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி களத்தில் இல்லை என்று இருந்தது.

கோச் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பொய் சொல்லலீங்க மேடம். இவ களத்துல இல்லதானுங்களே. எங்க போனான்னு இதுக்குத் தெரியல."

ஏன் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கணினியைத் திறந்து "வேண்டாம்" என்று இருந்ததை "வேண்டும்" என்று மாற்றி, அதே ஆட்டங்களை மறுபடி ஏற்றினேன். எங்கள் அணியிலேயே மிக அதிகம் ஓடியவள் அவள்தான் என்று காலையில் அறிக்கை வந்தது. ஏற்றத்தில், கையில் பந்தோடு.

அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன், என் தவறையும் சேர்த்து. "இனிமே பந்து கீழ போனா கம்ப்யூட்டரே போய் எடுத்துட்டு வரட்டும் மேடம்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அமைப்பின் இணைச் செயலாளருக்குப் போன் செய்தேன்.

"மேடம், கம்ப்யூட்டரே சொல்லிருச்சுங்க. நாங்க என்னங்க பண்ண முடியும்?"

"கம்ப்யூட்டர் உங்க கமிட்டில மெம்பரா? மினிட்ஸ்ல கையெழுத்துப் போட்டிருக்கா?"

"அதில்லீங்க..."

"அது ஆட்டத்தப் பாத்துச்சு. உங்க கமிட்டில யார் பாத்தாங்க?"

"எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க மேடம்," என்றார். என்னைப் போய் எழுதித் தரச் சொன்னார், பாவம்.

மூன்று பக்க முறையீடு, அவள் பெயரில், அவள் கையெழுத்தோடு. இணைப்பு ஒன்று, மைதானத்தின் படம். இணைப்பு இரண்டு, எஸ்டேட்டின் நிபந்தனைக் கடிதம். இணைப்பு மூன்று, திருத்திய அறிக்கை. இணைப்பு நான்கு, பிழை என்னுடையது என்று நான் கையெழுத்திட்ட வாக்குமூலம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். சேர்ந்துவிட்டதற்கு அத்தாட்சியும் வந்தது. பதினைந்து நாள் ஆயிற்று. பதில் இல்லை.

முகாமுக்கு ஆறு நாள் இருந்தது. நினைவூட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நினைவூட்டு எழுதுவதில் எனக்குப் பெயர் உண்டு. என் மூன்றாவது நினைவூட்டைப் பார்த்ததும் மருத்துவ விடுப்பில் போன அதிகாரி ஒருவர் இருந்தார். விதியை மேற்கோள் காட்டப் புத்தகத்தைத் திறந்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தைத் திருப்பினேன். உட்பிரிவு (இ) அங்கே இருந்தது: "முறையீடு நிலுவையில் உள்ளவரை முறையிட்டவரை முகாமிலிருந்தோ போட்டியிலிருந்தோ விலக்கக் கூடாது." எல்லா நடைமுறையும் தெரிந்தவள் என்று பெயர் வாங்கியவள், இத்தனை நாளாக ஒரு பக்கத்தைத் திருப்பாமல் இருந்திருக்கிறேன்.

எழுதிய நினைவூட்டைக் கிழித்துப் போட்டேன். பணிக்காலத்திலும் சரி, பிறகும் சரி, நான் அனுப்பாமல் விட்ட நினைவூட்டு அது ஒன்றுதான்.

அவளிடம் விளக்கினேன். "அப்ப அவங்க பதில் போடக்கூடாதுன்னு வேண்டிக்கணுமா மேடம்?" என்றாள்.

"சாமியத் தொந்தரவு பண்ண வேண்டாம். அவங்க பழக்கமே போதும்."

முகாம் ஊட்டியில். காலையில் நல்ல குளிர். வாசலில் இணைச் செயலாளரே பட்டியலோடு நின்றார்.

"பேரு லிஸ்ட்ல இல்லீங்களே மேடம்."

புத்தகத்தை விரித்துக் காட்டினேன். அவர்கள் புத்தகம், அவர்கள் முத்திரை. உதடு அசையப் படித்தார்.

"அப்ப இப்பவே ரிஜெக்ட்டுனு ஒரு லெட்டர் குடுத்துட்டா?"

"தாராளமாக் குடுங்க. அதுக்குக் கமிட்டி கூடணும். ஏழு நாள் முன்னாடி நோட்டீஸ். தலைவர் இல்லாமக் கூட்டம் செல்லாது, பதினாறாம் விதி. தலைவர் எங்க?"

"துபாய்ல... மக ஊட்டுக்குப் போயிருக்காருங்க."

"நல்லா இருந்துட்டு வரட்டும்."

என் பின்னால் நின்ற கோச் இருமினார். அவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மாவட்ட அணியின் பயிற்சியாளர் ஒரு பெண்மணி. பட்டியலில் தனக்கு அக்கறையில்லை, ஆடட்டும் என்றார். அங்கே மைதானம் சமதளம், சுற்றிலும் வேலி. முதல் ஆட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டியதும் எங்கள் பெண் பழக்க தோஷத்தில் வேலியை நோக்கிப் பாய்ந்து ஓடினாள். மைதானமே சிரித்தது. வெளியே நின்றவர்கள் வேறு பந்தைப் போட்டுவிட்டார்கள். அவள் திரும்பி ஓடி வந்து, அந்தப் பந்து எதிரணிக் கால்களுக்குப் போவதற்குள் இடையில் புகுந்து பறித்தாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, ஏதோ குறித்துக்கொண்டார்.

மறுநாள் அறிக்கை வந்தது. அதே மென்பொருள். கடைசி பத்து நிமிடத்திலும் முதல் பத்து நிமிடத்தின் வேகம் குறையாமல் ஓடியவள் இவள் ஒருத்திதான் என்று சொல்லியது. அந்த அம்மாள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தார், சந்தேகம் வந்த இடத்தில் படத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் கோச்சைக் கூப்பிட்டு, "எங்க பயிற்சி குடுத்தீங்க இவளுக்கு?" என்று கேட்டார்.

"தேயிலக்காட்டுலங்க," என்றார் கோச். பெருமையாகத்தான் சொன்னார், அதில் அவர் பங்கு எதுவும் இல்லை.

மாவட்ட அணியில் அவளை எடுத்துக்கொண்டார்கள். முறையீடு நிலுவையிலேயே இருந்தது. மாநிலப் போட்டியில் காலிறுதியில் தோற்றோம். தோற்றாலும் சான்றிதழ் உண்டு, பதினோராம் விதி. அதை வாங்கி வந்து அவள் என் மேசையில் வைத்தாள். மூன்று நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, விண்ணப்பத்தோடு இணைத்து, அவளையே தபால் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அனுப்பினேன். வேலை கிடைக்குமா என்பது இனி வேறொரு அலுவலகத்தின் பாடு. அவர்கள் விதிப் புத்தகத்தையும் வரவழைத்திருக்கிறேன்.

எங்கள் மைதானத்தில் இப்போது நாலு பந்து. கீழே போனால் ஆட்டம் முடிந்த பிறகுதான் எடுப்பது. இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றினோம்.

பிறகு ஒருநாள் ஸ்பீட் போஸ்ட் வந்தது. ஒரே வரி: "தங்கள் முறையீடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது." தலைவர் துபாயிலிருந்து திரும்பிவிட்டார் போலிருக்கிறது. வெளியே ரோட்டோரத்தில் பழைய பாயையும் கிழிந்த கூடையையும் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் புகை வந்தது. காகிதத்தை எரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதைக் கோப்பில் சான்றிதழ் நகலுக்குக் கீழே வைத்து, மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, போகி அன்று, முற்பகல்.