புண்ணில் தூவிய கேப்சூல் பொடி

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நானும் என் கணவரும் தக்காளி தரம் பிரிக்கிறோம். பெட்டி ஆணி கிழித்தால், மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் கேப்சூல் வாங்கிப் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவுவோம். போன தை மாதம் அவர் காலிலும் அப்படித்தான் தூவினேன். ஆறவில்லை, முழங்கால்வரை வீங்கிக் காய்ச்சலும் வந்தது.

திண்டுக்கல் டாக்டர் சீழைப் பரிசோதித்தார். "அரைகுறையா மருந்து போட்டுக் கிருமியைப் பழக்கிட்டீங்கம்மா. வழக்கமான மருந்துக்கு இது சாகலை. ஒரே ஒரு மாத்திரைக்குத்தான் கேக்குது."

"ஏனுங்க, கால் தப்புமுங்களா?"

"பத்து நாள் வேளை தவறாம சாப்பிட்டா தப்பும்."

நாலாம் நாளே வலி விட்டது. "போதும் புள்ள, மிச்சத்தை எடுத்து வை" என்றார் அவர். நான் கேட்கவில்லை, பத்து நாளும் விழுங்க வைத்தேன்.

இப்போது அவர் பெட்டி தூக்குகிறார். யாராவது கீறலோடு வந்து, "அக்கா, கேப்சூல் இருக்குங்களா?" என்றால், குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்பைக் கொடுக்கிறேன். பிறகு டாக்டரிடம் அனுப்புகிறேன்.