வலது மணிக்கட்டில் ஒரு பெட்டி

தர்மபுரி சேலம் பஸ்ஸில் நான் பதினோரு வருஷம் கண்டக்டர். எண்பதுகளின் நடுவில், நாற்பத்து நாலு வயதில், ஒரு காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது இடது பக்கம் இழுத்துவிட்டது. பக்கவாதம் என்றார்கள்.

இரண்டு மாதத்தில் கையில் கொஞ்சம் பிடிப்பு வந்தது, காலும் அசைந்தது. நிற்கத்தான் வரவில்லை. தொப்பூர் கணவாய் வளைவுகளில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவன், ஆஸ்பத்திரியின் சிமெண்ட் தரையில் சரிந்து சரிந்து விழுந்தேன். சரிவது எனக்குத் தெரியாது என்பதுதான் குழப்பம். நேராக நிற்கிறாய் என்றே உடம்பு சொல்லும். அடுத்த நிமிடம் மனைவியின் தோளில் கிடப்பேன்.

ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எங்கோ படித்ததை வைத்து, ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் சொல்லி ஒரு கருவி செய்துவைத்திருந்தார். இடுப்பில் ஒரு பட்டை, அதிலிருந்து வயர், வலது மணிக்கட்டில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி.

"இடது பக்கம் சாஞ்சீங்கன்னா இது கையில அதிருமுங்க. அதிர்றது நிக்கற வரைக்கும் வலது பக்கம் வாங்க."

அதிர்ந்தது. வந்தேன். பெட்டி அடங்கிய இடத்தில், வலது பக்கம் விழப்போவதாகவே பட்டது.

"விழறேன், புடி!"

"நேராத்தாங்க நிக்கறீங்க" என்றாள் மனைவி.

"பொய் சொல்லாத."

"அந்தக் கதவு நெலையப் பாருங்க, அதாட்டம் நிக்கறீங்க."

பார்த்தேன். நிலையே கோணலாகத் தெரிந்தது. உடம்பை நம்புவதா, பெட்டியையா, இவளையா?

நடக்கச் சொன்னபோது வேறொரு தொல்லை. பெட்டி அதிர்ந்ததும் ஒரு காலை முன்னால் வைத்தபடி அப்படியே நின்றுவிடுவேன். ஏன் என்று அந்தப் பெண் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"ஒரு விசிலடிச்சா வண்டி நிக்கும், ரெண்டடிச்சாப் போகும். அதான் இது ஒரு தடவ அதிர்ந்ததும் இவரும் நிக்கறாருங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் பெட்டியை இரண்டிரண்டாக அதிரும்படி மாற்றிக் கொண்டுவந்தார். கால் போனது. போகிற வேகத்தில் வலது பக்கம் வர மறந்து, விழுந்து தாடையைச் சிராய்த்துக்கொண்டேன்.

"பழையபடியே இருக்கட்டுமுங்க, போகப்போகப் பழகிடும்" என்றார்.

பழகியதா என்று தெரியவில்லை. அதிர்ந்தால் நின்றேன், வலது பக்கம் வந்தேன், மறுபடி நடந்தேன். ஒன்றரை மாதம் இதே கதை. ஒருநாள் வராந்தாவின் கடைசி வரை யாரும் பிடிக்காமல் போய்த் திரும்பினேன்.

"இன்னைக்கு எத்தன தடவ அதிர்ந்துச்சுங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"நாலஞ்சு தடவ இருக்கும்."

"இன்னைக்குப் பேட்டரியே போடலீங்க."

மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதிர்ந்தது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அப்போ அதிர்ந்தது எது?"

"இனிமே இது வேண்டாமுங்க" என்று இடுப்புப் பட்டையை அவிழ்த்தார்.

தை மாதம் டிப்போ ஆபீசில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஊன்றுகோலோடு நானே நடந்து போய்ச் சேர்ந்தேன்.