அஞ்சே அஞ்சு சேட்

ஐந்நூறு ரீசேட்டில் படமும் பெயரும் அச்சடிப்பது லேசான வேலை. ஐந்து அடிக்கிறதுதான் ஆளைக் கொல்லும். ஐந்நூறு கேட்டு வருகிறவர் பாடசாலை அதிபராகவோ விளையாட்டுக் கழகச் செயலாளராகவோ இருப்பார். "போன வருசம் மாதிரியே" என்று ஒரு சொல்லோடு முடித்துவிட்டுப் போய்விடுவார். ஐந்து கேட்டு வருகிறவர் புதிதாகத் தொழில் தொடங்கப் போகிறவர். அவருக்குக் கனவு இருக்கும், மச்சான் கீறிய லோகோ இருக்கும், கருத்துச் சொல்ல நாலு பேர் கூடவே வந்திருப்பார்கள். கேக் ஓடர் எடுத்தவர்கள், பிளவுஸ் தைத்துக் கொடுத்தவர்கள், கலியாணக் காட் அடித்தவர்கள் எல்லாருக்கும் இது விளங்கும். உங்களுக்கும் எனக்கும் ஒரே வயிற்றெரிச்சல்தான்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ.எல். பரீட்சை எழுதினேன். பெறுபேறு வந்தது. அதைப்பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. அம்மா அன்றைக்கே டியூசன் எடுக்கும் பௌதிகவியல் சேரிடம் போய், இரண்டாம் முறை எழுதுகிறவர்களின் வகுப்பில், முன்வரிசையில் எனக்கு இருக்க ஒரு கதிரை பிடித்துவிட்டு வந்தார். நான் மட்டக்களப்பு டவுனில் ரீசேட் அச்சடிக்கும் கடையொன்றில் வேலை பிடித்துவிட்டு வந்தேன். இரண்டு பேரும் குசினி வாசலில் முட்டிக்கொண்டோம்.

கடை முதலாளி ரமேஸ் அண்ணன். படத்தைத் துணியில் சூடு வைத்து ஒட்டும் மெசினில் நிற்பவர் காத்தான்குடி நஸீமா ராத்தா. மூன்றாவது ஆள் நான். இருபத்தைந்துக்குக் குறைந்த ஓடரை அண்ணன் எடுப்பதில்லை. நாங்கள் மூன்றே பேர் என்பதால் எங்களுக்கே கடைச் சேட் கிடையாது. நான் சேர்ந்த கிழமை, ஐந்து சேட் கேட்டு வந்த ஒருவரை அண்ணன் திருப்பி அனுப்பினார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "தேடி வந்த மனிசனை ஏன் அண்ணே துரத்துறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஐந்நூறுல அஞ்சு பிழையாப் போனாத் தெரியாது. அஞ்சில ஒண்டு பிழையாப் போனா, மனிசன் பையைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பான்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, சின்ன ஓடர் எல்லாம் நீயே எடு. சித்திரை வருசப்பிறப்பு வரைக்கும் பாப்பம். ஒரு பை திரும்பி வந்தாலும் நீ வீட்ட போய்ப் படிக்கலாம்."

வீட்டில் இதைச் சொன்னேன். "கதிரை அப்பிடியே கிடக்கட்டும்" என்றார் அம்மா.

வெள்ளைதான் வேணும்

முதல் ஓடர் கரடியனாற்றில் இருந்து வந்தது. வேளாண்மை வெட்டும் மெசின் ஒன்றை வாங்கி, வயல் வட்டைக்கு வட்டை கொண்டுபோய் வாடகைக்கு வெட்டிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியிருந்தார் ஒரு பெரியவர். மெசினோடு போகிற ஐந்து பேருக்கும் முதுகில் மெசின் படமும் போன் நம்பரும் போட்டுச் சேட் வேண்டுமாம். நிறம் வெள்ளை.

சேறும் கிறீசும் வைக்கோல் தூசியும் படுகிற வேலைக்கு வெள்ளையா? முதல் பையே திரும்பி வந்துவிடும் என்ற பயத்தில் கடும்நீலம், காக்கி, மண்நிறம் என்று இருந்த துணியை எல்லாம் மேசையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, "நல்ல துணி" என்று பாராட்டிவிட்டு, திரும்ப வெள்ளையிலேயே கையை வைத்தார். "ஐயா, ஒரு நாளையில ஊத்தையாகிடும், அப்பிடியே தெரியும்" என்று கத்தாத குறையாகச் சொன்னேன்.

"தெரியத்தான் வேணும் புள்ள. பொழுதுபடக்குள்ள எவன்ட சேட் வெள்ளையா இருக்கோ, அவனுக்கு அடுத்த நாள் வேலை இல்ல."

முதுகில் ஏறிய சேவல்

காத்தான்குடியில் கோழி பொரித்து விற்கும் கடை திறக்கப் போகிற ஒரு பொடியன் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூப்பு. சேட்டின் முதுகு முழுக்க ஒரு சேவல், கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு நிற்க வேண்டும். போனில் படமும் கொண்டுவந்திருந்தார். சேவல் எங்கள் முதலாளியைப் போலவே முறைத்தது. எனக்குப் பிடித்திருந்தது. கொம்பியூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன்; அவர் இன்னும் பெரிதாகக் கேட்டார்.

மெசினுக்குப் பின்னால் இருந்து நஸீமா ராத்தாவின் குரல் வந்தது. "தம்பி, லுஹர் தொழுகைக்குக் கடைப் பொடியன்மார் இந்தச் சேட்டோடதானே பள்ளிக்குப் போவாங்க?"

"ஓம் ராத்தா. கடைக்கு முன்னுக்குத்தானே பள்ளி."

"அப்ப அவங்களுக்குப் பின் வரிசையில நிக்கிறவர் என்னத்தைப் பார்த்துக்கிட்டுத் தொழுற?"

பொடியன் தன் தலையிலேயே கை வைத்தார். தொழுகைக்கு வந்தவருடைய கண்ணுக்கு முன்னால் அந்தச் சேவல் குனிந்து நிமிர்வதை நினைத்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை; அவருக்கும்தான். முதுகை வெறுமையாக விடுவது என்று முடிவாயிற்று. நெஞ்சில், பொக்கற்றுக்குப் பக்கத்தில் என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

"முழுக்கோழி வேணாம், பொரிச்ச காலை மட்டும் போடுங்க தங்கச்சி. நாங்க விக்கிறதும் உசிரோட இல்லதானே."

இரண்டு பேர் வேலை செய்யும் கடை

கல்லடியில் இருந்து ஒரு அக்கா வந்தார். வீட்டில் இடியப்பம் அவித்து ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில். இரண்டு சேட் கேட்டார். ஒன்றுக்கு அளவு சொன்னார். மற்றவருக்கு என்ன அளவு என்று கேட்டேன். "அதே அளவு" என்றார். உயரம்? "அதே உயரம்." ரெட்டைப் பிள்ளைகளா அக்கா என்று கேட்டதற்கு, ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பாவம்போலப் பார்த்தார்.

"முதலாளியும் நான்தான், வேலைக்காரியும் நான்தான். ஒருத்தி போட்டதைத் துவைச்சுக் காயப்போட்டா மத்தவ என்னத்தைப் போடுற?"

மகிழ்ச்சியான தருணங்களில்

கதிரை, பந்தல், பெரிய சட்டி பானை எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு அண்ணன் ஐந்து சேட் எடுத்தார். முதுகில் "உங்கள் மகிழ்ச்சியான தருணங்களில் நாங்கள்" என்று போட்டு, சுற்றிவரப் பூவும் போடச் சொன்னார். போட்டேன். நல்ல வடிவாக வந்தது. அடுத்த கிழமை அதே அண்ணன் அதே பையோடு வாசலில் வந்து நின்றார். ரமேஸ் அண்ணன் கொம்பியூட்டரில் இருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையில், முன்வரிசைக் கதிரை எனக்கு நன்றாகவே தெரிந்தது.

விசயம் இதுதான். தொழில் தொடங்கி அவருக்குக் கிடைத்த முதல் அழைப்பு கலியாண வீடு இல்லை, செத்த வீடு. பொடியன்மார் புதுச் சேட்டைப் போட்டுக்கொண்டு ஆளுக்கு நாலு கதிரையோடு பந்தலுக்குள் போயிருக்கிறார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு மாமா அழுகையை நிறுத்திவிட்டு, முதுகில் இருந்ததைச் சத்தமாக வாசித்திருக்கிறார். பொடியன்மார் மதிலுக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சேட்டை உள்பக்கம் வெளியே வரப் புரட்டிப் போட்டுக்கொண்டு வந்துதான் மிச்சக் கதிரையை இறக்கினார்களாம்.

"திரும்பித் தரவா வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் ஒரு சேட்டை எடுத்து மேசையில் விரித்து, உள்பக்கத்தை வெளியே புரட்டி, வெறும் துணியைக் கையால் நீவிவிட்டார்.

"சேச்சே, பிழை உன்னில இல்ல தங்கச்சி. இந்தப் பக்கம் சும்மாதானே கிடக்கு, இதில 'ஆழ்ந்த அனுதாபங்கள்' எண்டு அடிச்சுத் தர ஏலுமா?"

மாங்கேணி பஸ்ஸில் வந்த அளவு

அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்டேன்: ஆர் போடப் போறது, எங்க போடப் போறது. அளவைப்பற்றிப் பெரிதாக யோசிக்கவில்லை. பழைய சேட்டை அனுப்பினால் அதை வைத்து அளந்துவிடலாம்தானே.

மாங்கேணியில் ஐந்து மீனவர்கள் சேர்ந்து, மீனைக் கழுவி வெட்டி டவுனில் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில் தொடங்கினார்கள். அவர்களில் மூத்த அண்ணன் போனில் ஓடர் தந்தார். தொழிலை விட்டுவிட்டு வர ஏலாது என்று, அளவுக்கு ஐந்து பழைய சேட்டைப் பையில் கட்டி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். நான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். மீன் வாசத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைப் பூனை கடைக்குள் வரைக்கும் பின்னால் வந்தது. ராத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அளந்தார். ஐந்தும் ஒரே அளவு, எக்ஸ்எல். எதற்கும் இருக்கட்டும் என்று போன் எடுத்து, "எல்லாரும் ஒரே உடம்பா அண்ணே?" என்று கேட்டேன். "எல்லாரும் கடல்ல தொழில் செய்யிற ஆக்கள்தானே" என்றார். ஐந்து பயில்வான்களை மனதில் நினைத்துக்கொண்டு அடித்து, அதே பஸ்ஸில் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஐந்து பேரும் பையோடு நேரே கடைக்கு வந்துவிட்டார்கள். ஐந்தும் ஐந்து நெத்தலி. ஒருவர் புதுச் சேட்டைப் போட்டுக் காட்டினார். தோள்மூட்டுத் தையல் முழங்கையில் கிடந்தது. ரமேஸ் அண்ணன் எழும்பிவிட்டார். "நீங்க அனுப்பின அளவுதானே!" என்று நான் அந்தப் பழைய சேட்டுகளை எடுத்து மேசையில் எறிந்தேன். அப்போதுதான் எல்லாருமே ஒழுங்காகப் பார்த்தோம். ஒன்றில் தேர்தலில் நின்ற ஒருவரின் சிரித்த முகம். இரண்டில் நிவாரணம் கொடுக்க வந்தவர்களின் அடையாளம். மற்ற இரண்டும் பால்மா விளம்பரம். எல்லாம் சும்மா கிடைத்தவை. சும்மா கொடுக்கிறவர்கள் ஒரே அளவில்தான் அடிப்பார்கள். அதை இந்தக் கடையிலேயே எத்தனையோ தரம் அடித்துக் கொடுத்திருக்கிறோம்.

மூத்த அண்ணனுக்குக் கோபமே இல்லை. "இது கடல்ல வள்ளத்தில போட ஆகும். டவுனுக்குப் போட வேற அஞ்சு அடிச்சுத் தாங்க, ஆக்களையே கூட்டி வந்திருக்கன்" என்றார். ரமேஸ் அண்ணன் மேசை லாச்சியைத் திறந்து அளவு நாடாவை எடுத்து, தானே ஒவ்வொருவராக அளந்தார். கக்கத்துக்குள் நாடா போனபோது இளைய பொடியன் கூச்சத்தில் நெளிந்தான்.

"குறை நினைக்காத தங்கச்சி. எங்களுக்குச் சேட் தந்த ஆரும் இதுவரைக்கும் அளவு கேக்கல்ல, அதான் எங்களுக்கும் சொல்லத் தெரியல்ல."

நூற்றுக்கு நூறு

சித்திரை வருசத்துக்கு முந்திய கிழமை. அதுவரை இரண்டு பை வாசலுக்குத் திரும்பி வந்திருந்தன, இரண்டும் புது ஓடரோடு. இதைத் திரும்பி வந்ததில் சேர்ப்பதா விடுவதா என்று ரமேஸ் அண்ணனுக்கே தெரியவில்லை. "வருசத்துக்குப் பிறகு சொல்லுறன்" என்று இழுத்தார். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் வந்தார் பௌதிகவியல் சேர். சொந்தமாக வகுப்பு மண்டபம் கட்டித் திறக்கப் போகிறாராம். என்னைக் கண்டதும், "கதிரை கிடக்கு, வா" என்றார்.

ஓடர் இதுதான்: கறுப்புச் சேட் ஐந்து. முதுகில் பெரிய எழுத்தில் "நூற்றுக்கு நூறு சித்தி", அதாவது எல்லாரும் பாஸ். ஆர் போடப் போறது சேர் என்று கேட்டேன். வகுப்பு வாசலில் நின்று புதுப் பிள்ளைகளைக் கவனிக்கிற பழைய மாணவர்கள். எங்க போடப் போறது? அதே வாசலில். பெயர்களைச் சொன்னார். ஐந்து பேரையும் எனக்குத் தெரியும். வகுப்பில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தவர்கள் நாங்கள். "இதில எத்தனை பேர் பாஸ் சேர்?" என்று கேட்டேன்.

ராத்தா மெசினை நிற்பாட்டினார். ரமேஸ் அண்ணன் கீழே விழாத பேனையைக் குனிந்து தேடினார். சேர் விரல் மடித்து எண்ணத் தொடங்கி, மூன்றாம் விரலில் நின்றுவிட்டார். "மத்த ரெண்டு பேரும் இதை முதுகில போட்டுட்டு வாசல்ல நிண்டா, அவங்கட அம்மாமாரே சிரிப்பாங்க சேர். 'கேள்வி இருந்தா எங்களிட்டக் கேளுங்க' எண்டு போடுங்க. அது அஞ்சு பேருக்கும் பொருந்தும்" என்றேன். சேர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தலையாட்டினார். ஐந்து பேரின் அளவையும் அங்கேயே போன் எடுத்துக் கேட்டுச் சொன்னார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருசம் என்ட வகுப்புல இருந்தாய், இப்பிடி ஒரு கேள்வி கேட்டியா நீ? அம்மாட்டச் சொல்லு, அந்தக் கதிரைய வேற பிள்ளைக்குக் குடுத்துட்டன்."

கைவிசேஷம்

வருசம் முடிந்து நல்ல நேரத்தில் கடை திறந்தோம். ரமேஸ் அண்ணன் வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேஷம் தந்தார். பிறகு மேசைக்கடியில் இருந்து ஒரு பையை எடுத்து என் கையில் தந்தார். உள்ளே கடைப் பெயர் போட்ட சேட். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மூன்று சேட் அடித்திருந்தார்: அவருக்கு ஒன்று, ராத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வேலை நிலைத்துவிட்டது என்று விளங்கிற்று. கண் கலங்கப் பார்த்தது. அதற்குள் சேட்டைப் போட்டேன். முழங்கால் வரை வந்தது. கழுத்துக்குள் பார்த்தேன். எக்ஸ்எல்.

கழற்றி மடித்துப் பையில் போட்டு, வாசலுக்கு வெளியே போய் நின்று, பையோடு திரும்ப உள்ளே வந்தேன். "அண்ணே, பை திரும்பி வந்திட்டு. இனி நீங்கதான் வீட்ட போய்ப் படிக்கணும்." ராத்தா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைப் பூனை எழும்பி ஓடியது. ரமேஸ் அண்ணன் லாச்சியைத் திறந்தார்.

"சரி சரி, கத்தாத. இந்தா நாடா, ராத்தாட்டக் குடுத்து உன்ட அளவை எடுத்துச் சொல்லு."

ஆக, பரீட்சையில் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கவுண்டரில் கேட்கிறது நான், முழிக்கிறது ஓடர் தர வருகிறவர்கள் என்பதால், எனக்கு இதுதான் வசதி.