மரியநாயகம் அண்ணைக்கு நான் ஊட்டிய கேசரி

சென்ற செவ்வாய்க்கிழமை குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது அண்ணையின் மனைவி றெஜினா அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அண்ணை போயிட்டார்" என்றார். இரண்டாவது பக்கவாதம். பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன்.

அவரோடு ஒஸ்லோவில் பஸ் ஓட்டிய உங்களுக்கு மரியநாயகம் அண்ணையைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. யாராவது ஓடிவருவதைக் கண்டால் கதவை மூடமாட்டார். "பிந்தினா எனக்குப் பேச்சு விழும். பஸ்ஸை விட்டா அவனுக்கு வேலை போகும்" என்பார். உங்களுக்குத் தெரியாத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் முதல் பக்கவாதம் வந்தபோது அவருடைய வலது கையும் பேச்சும் போயின. நீரிழிவு முன்பே இருந்தது. ஆஸ்பத்திரியில் நாளுக்குப் பலமுறை விரலில் குத்தி இரத்தம் பார்த்து இன்சுலின் போட்டார்கள். எனக்கோ அவர் மெலிந்துபோவது மட்டும்தான் கண்ணில் பட்டது. இனி விழுங்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னதும், நெய்விட்டுக் கேசரி கிண்டிக் கொண்டுபோய், அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போயிருந்த மாலைகளில் ஒருவருக்கும் சொல்லாமல் ஊட்டினேன். மூன்று நாள். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்.

இரத்தத்தில் சீனி ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் அவர்கள் இன்சுலினைக் கூட்டியிருக்கிறார்கள். நான்காம் நாள் எனக்கு மாலை வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, கேசரியும் இல்லை. அன்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை. இன்னொரு பக்கவாதம் என்று அக்கா கதறியிருக்கிறார். விரலில் குத்திப் பார்த்தபோது சீனி நன்றாக இறங்கியிருந்தது. ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிய பிறகே விழித்தார்.

மறுநாள் அங்கே தாதியாக இருந்த, இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளையிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. "அங்கிள், சீனி கூடினாலும் குறைஞ்சாலும் அடிபட்ட மூளைக்குக் கூடாது. என்ன குடுக்கிறீங்கள் எண்டு சொன்னாத்தானே நாங்கள் அதுக்கேத்த மாதிரி மருந்து போடலாம்" என்றாள்.

அண்ணையின் கட்டிலருகே போய், எல்லாம் என்னால்தான் என்று அழுதேன். அவர் நெடுநேரம் உதட்டை அசைத்தார்.

"வாய்... திறந்தது... நான்."

அக்காவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நான்கு வருடங்கள் அந்த வீட்டில் தேநீர் குடித்தேன், சொல்லவில்லை. அடக்கம் முடிந்த அன்று மாலைதான் சொன்னேன். அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும் தம்பி. அண்ணை அந்தக் கிழமையே சொன்னவர். சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் பிடிச்சுது. உன்னட்டை ஒண்டும் கேக்கவேண்டாம் எண்டவர்."

அந்த நாட்களில் தண்ணீர் என்ற சொல்லே அவர் வாயில் சரியாக வராது. அந்த அரை மணித்தியாலம் அவர் எனக்காக ஒவ்வொன்றாகத் தேடி எடுத்த சொற்களை நான் கேட்கவில்லை. ஆனாலும் அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அவைதான்.