மெயினை அணைத்துவிட்டு ஒட்டிய டைல்ஸ்

ஆவடியில் எங்கள் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குப் பின்சுவரில் டைல்ஸ் ஒட்டினோம். வெறும் வெள்ளை போதும் என்றேன் நான். கோப்பையும் கெட்டிலும் வரைந்ததுதான் வேண்டும் என்றாள் மனைவி, அதுவே வந்தது. பணியில் இருந்தவரை தொழிற்சாலையில் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் என்பதால், மேற்பார்வையை நானே ஏற்றுக்கொண்டேன்.

சுவரின் நடுவே இருந்த சுவிட்ச் போர்டைக் கழற்றி, டைல்ஸின் மேல் மறுபடி பொருத்த வேண்டும்.

"மெயின் ஆஃப் பண்ணிட்டீங்களா சார்?" என்றார் டைல்ஸ் ஒட்ட வந்த முருகன்.

"நானே பண்ணேன்பா. தைரியமா கை வை."

அவர் திருகுகளைக் கழற்றிப் போர்டை வெளியே இழுக்கும்போது, கூடத்திலிருந்து மனைவி கேட்டாள்: "கரண்ட் இல்லைங்கறீங்க, ஃபேன் மட்டும் எப்படிங்க சுத்துது?"

இன்வெர்ட்டர்! நான் மெயினை அணைத்ததை மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டு, ஃபேனுக்கும் அந்தப் போர்டுக்கும் கடமை தவறாமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஈரச் சிமென்ட் கையோடு முருகன் பின்னால் துள்ளினார்.

"இன்னா சார், என் போட்டோவுக்கு மாலை போட்டுருப்பீங்களே! ஊட்ல கொயந்த கீது சார்."

எந்த வகுப்பிலும் நான் இன்வெர்ட்டரைப் பற்றிச் சொல்லித்தந்ததில்லை; ஓடிப்போய் அதையும் அணைத்தேன்.

இப்போதெல்லாம் மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்க்கிறேன். அதற்கும் மேலாக, "ஃபேன் நின்னுடுச்சா?" என்று மனைவியைக் கேட்ட பிறகே யாரையும் சுவரில் கை வைக்க விடுகிறேன்.