தையற்காரன் வாசலில் இறங்கிய மூங்கில்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற போட்டிருப்பேன், திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் கடை. பாடைக்கு மூங்கில், பச்சை ஓலை, கோடித்துணி, கலயம், வறட்டி, பன்னீர் எல்லாம் கிடைக்கும். கிறிஸ்தவ வீடுகளுக்குப் பெட்டியும் செய்து கொடுப்போம். எத்தனை மணிக்கு எடுப்பது, எந்தத் தெரு வழியாகப் போவது, வெளியூருக்கு யார் யாருக்குத் தந்தி கொடுப்பது என்று எல்லாவற்றையும் அப்பா முன்னின்று பார்ப்பார். சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் நானும் அவரோடு கடையில் உட்கார்ந்தேன்.

இந்தத் தொழிலில் கடைக்கு வருகிறவரை ‘வாங்க’ என்று கூப்பிடக் கூடாது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடக்க வேண்டும். கூச்சக்காரனான எனக்கு இதெல்லாம் வசதியாகத்தான் இருந்தது. வசதியில்லாத விஷயம் வேறு. நான் யாரையும் உடம்பு விசாரிக்க முடியாது.

ஒரு முறை பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் இருமினார். மரியாதைக்கு, “உடம்புக்கு என்னங்க?” என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “எனக்கு ஒண்ணும் இல்லப்பா, வெறும் தூசி” என்றவர், நான் ஏறிய பஸ்ஸில் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிட்டார். மூங்கில் விற்கிறவன் கேட்டால் உயிர் போய்விடுமா? துணி விற்கிறவன் கேட்டால் கல்யாணம் நடந்துவிடுகிறதா?

எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் ஒரு தையற்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம். பெட்டிகளுக்கு உள்ளே விரிக்கிற வெள்ளைத் துணியை அவன்தான் தைத்துக் கொடுப்பான். “நீயும் அளவெடுக்குற, நானும் அளவெடுக்குறேன். ஒங்கிட்ட மட்டும் எவனும் இறுக்குதுன்னு திரும்பி வாரதில்ல” என்று சிரிப்பான்.

ஐம்பத்தேழில் அவன் விஷக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். பிழைப்பது சந்தேகம் என்று பேசிக்கொண்டார்கள். ஊரில் பாதிப் பேரை அவர்கள் கண் மூடிய பிறகுதான் நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். இவனையாவது கண் திறந்திருக்கும்போது பார்த்துவிட வேண்டும் என்று நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். அவன் பெண்சாதி வாசலிலேயே மறித்தாள்.

“அங்கிட்டே நில்லுங்கண்ணே. படியில கால வைக்காதீங்க.”

“பாத்துட்டு உடனே போயிடுறேம்மா.”

“என்னத்தப் பாக்கணும்? அளவா?”

உள்ளேயிருந்து, “யாரு?” என்று அவன் குரல் ஈனமாகக் கேட்டது. “பால்காரரு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் எதிரே சைக்கிள் கடை ஓரத்தில் போய் நின்றேன். அவன் இருமுகிற சத்தம் கேட்டால் போதும், திரும்பிவிடுவேன். நாலாம் நாள் சத்தமே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றுவிட்டேன். குடத்தோடு வந்த ஒரு பெண் என்னைப் பார்த்தாள், அவன் வீட்டைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்து, “ஐயோ, போயிட்டாரா!” என்று மாரில் அடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நாலு வீட்டுப் பெண்கள் கூடி அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்தபடியே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில், கல்யாணத்துக்குத் துணி கொடுத்திருந்த இரண்டு பேர், வெட்டாமல் இருந்தால் திருப்பி வாங்கிப் போகலாம் என்று ஓடி வந்தார்கள். அதற்குப் பின்னால் மாட்டு வண்டியில் மூங்கிலோடு அப்பா.

“ஏன்டா, ஊரே கடைக்கு வந்து சொல்லுது. ஒனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்ப வாயில்லையா?” என்றபடியே மூங்கிலை இறக்கிப் போட்டார்.

“அப்பா, அவன் உசுரோட இருக்கான்.”

அப்பா என்னை முறைத்தார். “நல்லாத் தெரியுமா?”

அதற்குள் கதவு திறந்தது. பெண்சாதி விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால், போர்வையைச் சுற்றிக்கொண்டு நிலையைப் பிடித்தபடி தையற்காரன். தாடி வளர்ந்து, பாதி ஆளாக இருந்தான். கண் மட்டும் அதே கண்.

“எவன்டா எனக்கு மூங்கில் கொண்டாந்தது?”

அழுத பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் மூங்கிலை நிதானமாகப் பார்த்தான்.

“கோணலா இருக்கு. இதுல போனா இடுப்பு புடிச்சுக்கும்.” பிறகு துணிக்காரர்களைப் பார்த்து, “ஒங்க துணிய இன்னும் வெட்டலங்க. செவ்வாக்கெழம கழிச்சு வாங்க” என்றான். என்னைப் பார்த்ததும், “பால்காரரே, இங்கிட்டு வாங்க” என்றான்.

கீழ்ப்படி வரை போனேன். அதற்கு மேல் விளக்குமாறு குறுக்கே நின்றது.

“வந்தேல்ல, விசாரி.”

“உடம்பு எப்படிடா இருக்கு?” என்று கேட்டேன். இத்தனை பேர் பார்க்கக் கேட்டேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

“காலுல தெம்பு இல்ல. நாக்கு கசக்குது. சாத்துக்குடி வாசம் அடிச்சுதே, அது எங்க?”

“நானே தின்னுட்டேன்.”

“தின்னுவ, தின்னுவ.”

பழக்க தோஷம், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். பத்தடி போயிருப்பேன்.

“டேய்! சொல்லிட்டுப் போடா! நான் என்ன செத்தா போயிட்டேன்?”

தெருவே திரும்பிப் பார்த்தது. காதெல்லாம் சுட்டது. திரும்பி நின்று, “போயிட்டு வாரேன்” என்றேன்.

“வர வேணாம்ணே” என்றாள் அவன் பெண்சாதி.

கடையிலிருந்து சாவுக்கென்று போன மூங்கில் திரும்பி வரக் கூடாது என்று அப்பா அதை அங்கேயே போட்டுவிட்டு வந்தார். அதற்கும் எனக்கு ஒரு வாரம் வசவு. தையற்காரன் எழுந்து நடமாடியதும் அதை வெட்டித் தன் கடை முன்னால் நட்டுக் கீற்றுப் போட்டுவிட்டான். மெஷின் இப்போது அதன் நிழலில்தான் ஓடுகிறது. பெண்சாதி இன்றுவரை அதன் அடியில் வருவதில்லை. சாப்பாட்டைப் பின்வாசல் வழியாகத்தான் கொண்டுவருகிறாள். நான் அங்கே போய் உட்கார்ந்தால் துணி கொடுக்க வருகிறவர்கள் தயங்குகிறார்கள். அவன் விடுவதில்லை. கிளம்பும்போது சொல்லாவிட்டால் கத்தரிக்கோலைத் தூக்குகிறான். இன்று சாயங்காலமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

12-11-1966, சனிக்கிழமை.